கடிதம் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள்

மாண்புமிகு உயர்கல்வி அமைச்சர் அவர்களுக்கும், மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்களுக்கும் ஜொகூர் மாநிலம் ரெங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (அலுவலக எழுத்தர்) ஒருவன் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

தேசிய உயர்கல்வி நிதியில் வாங்கிய கல்விக் கடனைத் திருப்பிக் கட்டாதவர்களை நாட்டை விட்டு வெளியே போகவிடாமல் தடுக்கும் பேச்சு மறுபடியும் எழுந்திருக்கிறது. 2018 ஜூனில் அந்தத் தடையை அரசாங்கம் எடுத்தபோது 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் குடிநுழைவுத் துறையின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எங்கள் ஊரிலும் சில வீடுகளில் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்கள். இப்போது அதே வீட்டுக்காரர்கள் என் வாசலில் வந்து நிற்கிறார்கள். "கிராணி ஐயா, திரும்பவும் சிங்கப்பூர் பாலத்துல நிறுத்துவாங்களா?" என்று கேட்கிறார்கள்.

என்னிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் 34 ஆண்டுகள் வேலை செய்தேன். பிள்ளைகளின் கடன் மனுப் பாரங்களை நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். மாதச் சம்பளச் சீட்டு உள்ள ஆள் என்பதால் ஜாமீன் கையெழுத்துப் போடவும் என்னைத்தான் தேடி வருவார்கள். பால்மரம் வெட்டும் தாய்க்கும் தகப்பனுக்கும் மழை பெய்தால் அன்றைய நாள் போச்சு. அவர்களுடைய சம்பளத்தை நம்பி யார் ஜாமீன் ஏற்பார்கள்? ஏழு பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஏழு பேரும் படித்து முடித்தார்கள். இதை எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய கடனைக் கட்ட வேண்டும். 1997-இல் தொடங்கிய தேசிய உயர்கல்வி நிதி இல்லாவிட்டால் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகளில் பாதிப் பேர் கல்லூரி வாசலையே பார்த்திருக்க மாட்டார்கள். முன்னால் போனவன் கட்டினால்தான் பின்னால் வருகிறவனுக்குக் கிடைக்கும். கட்டாமல் இருந்த பையன்களை நானே கடைத்தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறேன். சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, புதுக் கார் எடுத்து, வேண்டுமென்றே கடனை மறந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் இந்த மடலை எழுதவில்லை.

நான் ஜாமீன் போட்ட ஏழு பேரில் ஒருவனின் கதையைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். இன்று அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தாய் பால்மரம் வெட்டினார், தகப்பன் மருந்து அடிக்கும் வேலை. பையன் இயந்திரத் துறையில் டிப்ளோமா முடித்தான். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எட்டு மாதம் ஒழுங்காகத் தவணை கட்டினான். அப்புறம் ஆட்குறைப்பு வந்தது, வேலை போனது, தவணையும் நின்றது. போய் நிலைமையைச் சொல்லிக் காலஅவகாசம் கேட்டிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டான். அது அவன் தப்பு. ஒன்றரை வருடம் கையில் கிடைத்த வேலையைச் செய்து திரிந்த பிறகு சிங்கப்பூரின் துவாஸில் வேலை அனுமதி கிடைத்தது.

இதற்கிடையில் தோட்டமே கைமாறிவிட்டது. கித்தா (ரப்பர்) மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். சாலையோரத்து நிலம் வீடமைப்புக்குப் போனது. லயங்களை இடித்தார்கள். குடும்பங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கும் கூலாய்க்கும் குளுவாங்குக்கும் சிதறிப் போயின.

தோட்டத்துத் தபால் எப்படி வரும் என்று தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. லயத்து வீட்டுக்கு எண் இருக்கும், ஆனால் தபால்காரர் அங்கே போகமாட்டார். எல்லாம் ஒரே பையில் அலுவலகத்துக்கு வரும். நான் பிரித்து அடுக்கி, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பேன். ஆள் இல்லையென்றால் அண்டை வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புவேன். அடையாள அட்டையிலும் கடன் ஒப்பந்தத்திலும் அந்தத் தோட்டத்து முகவரிதான் இருந்தது. குடும்பம் வெளியேறியது, முகவரி மட்டும் வெளியேறவில்லை. நினைவூட்டுக் கடிதங்கள் எல்லாம் இடிந்துபோன லயத்துக்கே வந்துகொண்டிருந்தன.

2015-இல் ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், பாலத்து முனையில் குடிநுழைவுச் சோதனை நடக்கும் சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் அவனை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. "உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, போக முடியாது" என்றார். பின்னால் நூற்றுக்கணக்கான மோட்டார்கள் ஹாரன் அடிக்க, அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். வீட்டுக்குப் போகவில்லை. தாய்க்குத் தெரியக்கூடாது என்று மூன்று நாள் ஜொகூர் பாருவில் நண்பன் அறையில் கிடந்தான். ஒன்பதாம் நாள் துவாஸ் வேலையும் போய்விட்டது.

விஷயம் தெரிந்ததும் நான் பழைய அலுவலகத்துக்குப் போனேன். ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. என் பழைய மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே பதினொரு கடிதங்கள். அவற்றில் மூன்று அவன் பெயருக்கு வந்தவை. ஒன்றின் உறைமேல் 'வீடு மாறிவிட்டார்கள்' என்று பென்சிலில் எழுதியிருந்தது. என்னுடைய கையெழுத்து.

அந்தப் பென்சில் எழுத்தை நான் இன்னும் மறக்கவில்லை. விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். திருப்பியாவது அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. ஓய்வுபெறும் மாதத்து வேலை நெருக்கத்தில் டின்னில் போட்டு வைத்தேன். ஆகவே இந்த மடலில் நான் முதலில் பழி சொல்வது என்னைத்தான். ஆனால் அமைச்சர் அவர்களே, ஒரு தோட்டக் கிராணி கடிதத்தை இழுப்பறையில் போட்டால் ஒருவனுக்கு எல்லை மூடிக்கொள்கிறது என்றால், அந்த ஏற்பாட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

இந்த இடத்தில் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு கடிதத்தை நினைவுபடுத்துகிறேன்.

எங்கள் ஜொகூரின் கிழக்குக் கரையிலிருந்து 7.7 கடல் மைல் தொலைவில் பத்து பூத்தே என்ற பாறை இருக்கிறது. நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். 1851 முதல் அதன்மேல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1953-இல் சிங்கப்பூர் காலனித்துவச் செயலாளர் அந்தப் பாறை யாருக்குச் சொந்தம் என்று விசாரித்து எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதினார்: ஜொகூர் அரசு அந்தப் பாறைக்கு உரிமை கோரவில்லை. ஒரே வரி. 1979-இல் மலேசியா வெளியிட்ட வரைபடம் பாறையை நம் கடலுக்குள் காட்டியது. மறு ஆண்டு சிங்கப்பூர் ஆட்சேபம் தெரிவித்தது. பேச்சுவார்த்தை பல வருடம் இழுத்தது. 2003-இல் வழக்கை அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. 2007 நவம்பரில் தி ஹேக் நகரில் வாதம் நடந்தது. 2008 மே 23-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பாறை சிங்கப்பூருக்கு, 12 நீதிபதிகள் ஆம், 4 பேர் இல்லை. பக்கத்திலிருந்த மிடல் ராக்ஸ் பாறைகள் நமக்குக் கிடைத்தன.

அன்று மாலை தோட்டத்துச் சாப்பாட்டுக் கடையில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்தப் பாறையை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. இருந்தாலும் மனசு வலித்தது. தீர்ப்பில் அந்த 1953 கடிதத்துக்கு எவ்வளவு கனம் இருந்தது என்று மறுநாள் நாளிதழில் படித்தபோது, தபால் வேலை பார்க்கிறவன் என்பதால் எனக்கு அது தனியாக உறைத்தது. கடிதம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த ஒரு கடிதத்துக்கு எத்தனை விசாரணை நடந்தது! அதை எழுதியவருக்கு அப்படி எழுத அதிகாரம் இருந்ததா, என்ன நினைத்து எழுதினார், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று 16 நீதிபதிகளுக்கு முன்னால் இரண்டு நாட்டு வழக்கறிஞர்களும் வாதாடினார்கள். தீர்ப்புக்குப் பிறகும் கதவு அடைபடவில்லை. 2017-இல் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் புதிய ஆவணங்கள் கிடைத்தன என்று சொல்லி நம் அரசாங்கம் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்டது. 2018 மே மாதம் புதிய அரசாங்கம் வந்து அதைத் திரும்பப் பெற்றது. நாடு தன் வழக்கை அந்த அளவுக்கு விடாமல் நடத்தியது சரிதான். நான் அதில் குறை காணவில்லை.

அதில் ஒரு துளியாவது அந்தப் பையனுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். பாறைக்கு 28 வருடப் பேச்சும் நீதிமன்றமும். பையனுக்கு வந்த மூன்று கடிதமும் அவன் கையில் விழுந்ததா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

2018 அக்டோபரில் ஜொகூர் பாரு துறைமுக எல்லையை நாம் விரிவாக்கினோம். டிசம்பரில் சிங்கப்பூர் தன் துறைமுக எல்லையை விரிவாக்கியது. துவாஸ் கடலில் இரண்டு நாட்டுக் கப்பல்களும் எதிரெதிரே மாதக்கணக்கில் நின்றன. 2019 ஏப்ரலில் இரு தரப்பும் பழைய எல்லைக்கே திரும்பின. அந்த மாதங்களில் எங்கள் ஊரிலிருந்து வேன் வழக்கம்போல விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பியது. பாலம் திறந்தே இருந்தது. இரண்டு நாடுகள் கடலில் முறைத்துக்கொண்டிருந்தபோதுகூட எங்கள் பிள்ளைகளை வேலைக்குப் போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. அந்தப் பையனைத் தடுத்தது பக்கத்து நாடு அல்ல, சொந்த நாடு. இதைத்தான் அந்தத் தாயால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

எல்லை மூடினால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச் 18-இல் பாலம் மூடியது. 2022 ஏப்ரல் 1-ஆம் நாள்தான் முன்போலத் திறந்தது. இடையில் சில ஏற்பாடுகள் செய்தார்கள், ஆனால் அங்கே தங்கிய தகப்பனைப் பார்க்காமலே பிள்ளை நடக்கப் பழகிய வீடுகள் எங்கள் தாமானில் உண்டு. சென்ற 2025-இல் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் மோதிக்கொண்டபோது வாயில்கள் மூடப்பட்டன, லட்சக்கணக்கான கம்போடியத் தொழிலாளர்கள் தாய்லாந்தில் வேலையை விட்டு ஊர் திரும்பினார்கள். மூட்டையோடு நடந்துபோன அந்தக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் மனைவி, "கூலிக்குப் போனவங்க என்ன பண்ணாங்க பாவம்" என்றாள். அந்தச் சண்டையில் இரு நாட்டுத் தலைவர்களையும் ஜூலை 28-ஆம் நாள் நம் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவுக்கு வரவழைத்து, ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச வைத்தது நம் அரசாங்கம். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சண்டை மறுபடியும் மூண்டது. அதனால் அந்த மேசை போட்டது வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

அதே புத்ராஜெயா கடன்பட்ட பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தங்கள் தரப்பு வாதத்தையும் நான் அறியாதவன் அல்ல. உள்நாட்டில் வேலை செய்கிறவனுக்குச் சம்பளத்தில் பிடிக்கலாம். சிங்கப்பூர் முதலாளியிடம் போய் நம் அரசாங்கம் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்ல முடியாது. அவனைப் பிடிக்க இருக்கும் ஒரே இடம் பாலம்தான் என்பீர்கள். வலுவான வாதம்தான். வருமானத்துக்கு ஏற்பப் பிடிக்கும் திட்டத்தை 2018 இறுதியில் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் ஒத்திப் போட்டதும் நினைவிருக்கிறது. எந்த வழியில் போனாலும் முட்டுக்கட்டை இருக்கிறது என்பதும் புரிகிறது.

இருந்தாலும் கணக்குப் பாருங்கள். நம் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகிறது. வாடகையும் வண்டித் தவணையும் பெற்றோருக்கு அனுப்புவதும் போக, கடனைக் கட்ட மிச்சப்படும் பணம் அக்கரைச் சம்பளத்தில்தான் இருக்கிறது. அந்தப் பையனே இதற்குச் சாட்சி. நானும் அவன் மாமாவும் பணம் புரட்டி ஒரு பகுதியைக் கட்டி, பெயரை எடுத்த பிறகு அவனுக்கு அங்கே இன்னொரு வேலை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடத்தில் கடனுக்கு ஒரு சென்கூடக் கட்ட முடியவில்லை. போன பிறகு ஒரு மாதம்கூட விடாமல் கட்டினான். கடைசித் தவணையை 2022-இல் முடித்து, ரசீதைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். அந்தக் கடன் முழுவதும் பாலத்தைத் தாண்டி வந்த பணத்தில் தீர்ந்தது.

சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது என்றும் தெரியும். கூட்டரசு அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவு நாட்டுக்குள் நடமாடும் உரிமையைத்தான் தருகிறது. வெளிநாடு போவது அடிப்படை உரிமை அல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் 1979-லேயே சொல்லிவிட்டது. ஆனால் திவால் ஆனவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். இன்றைய சட்டப்படி கடன் 100,000 ரிங்கிட்டை எட்டினால்தான் ஒருவர்மேல் திவால் வழக்கே போட முடியும். அறிவிப்பு அவர் கைக்குப் போக வேண்டும், நீதிமன்றம் கேட்க வேண்டும், பிறகுதான் ஆணை. ஆணை வந்த பின்னும் நொடிப்புத் துறைத் தலைமை இயக்குநரிடம் அனுமதி வாங்கி அவர் வெளிநாடு போகலாம். என்னைப்போல் படிப்புக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைத் திவாலாக்கக்கூடாது என்று 2017-இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஜாமீன் போட்டவன்மேல் வைத்த இரக்கம், கடன் வாங்கிப் படித்த பிள்ளைமேல் இல்லையா? 20,000 ரிங்கிட் பாக்கி வைத்தவன் நீதிமன்றப் படி ஏறாமலே, விடியற்காலையில், வேலைக்குப் போகும் வழியில் தடுக்கப்படுவது எந்த வகையில் சரி?

தடை வேண்டவே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கட்ட முடிந்தும் கட்டாதவனைத் தடுங்கள். ஆனால் பெயரைப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன்னால், அறிவிப்பு அவன் கைக்கு நேராகப் போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்து இருக்க வேண்டும். கைப்பேசி எண்ணையும் சேமநிதியில் உள்ள முகவரியையும் பார்த்தால் ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் அல்ல. தோட்டத்துப் பிள்ளைகளின் பழைய முகவரிகளை நம்பாதீர்கள், அவற்றில் பல இன்று செம்பனைக் காடு. அறிவிப்புக்குப் பிறகு மூன்று மாதமாவது அவகாசம் கொடுங்கள். வந்து பேசுகிறவனின் சம்பளச் சீட்டைப் பார்த்து, அவனால் தாங்கக்கூடிய தொகையை முடிவு செய்யுங்கள். முக்கியமாக, வேலை அனுமதி வைத்துக்கொண்டு தினமும் பாலம் தாண்டுகிறவனை விடுமுறைக்கு விமானம் ஏறுகிறவனோடு ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். அவன் தவணை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அன்றே விடுங்கள். பாலத்தருகிலேயே அந்தக் கையெழுத்தை வாங்க ஒரு முகப்பிடம் வைத்தால், அவன் மோட்டாரைத் திருப்ப வேண்டியதில்லை, நிதிக்கும் பணம் வரும்.

இந்த ஆண்டுகளில் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் ஊட்லண்ட்ஸ் வடக்குக்கு ரயில் பாதை போடுகிறோம். 2025 ஜனவரியில் இரண்டு அரசாங்கங்களும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குக் கையெழுத்துப் போட்டன. எல்லையை எளிதாக்கத்தான் இவ்வளவும். எங்கள் பிள்ளைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கட் டின்னில் இருந்த மற்ற எட்டுக் கடிதங்களில் ஐந்துக்கு உரியவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். மூன்று என்னிடமே இருக்கின்றன. ஒரு குடும்பம் குளுவாங் பக்கம் போனதாகக் கேள்வி. மற்ற இரண்டைப் பற்றி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மடலுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வருமானால், பழைய பதிவேடுகளில் என் பெயருக்கு எதிரே உள்ள தோட்ட முகவரிக்கு அனுப்ப வேண்டாம். அந்த அலுவலகத்தை இடித்துவிட்டார்கள். என் இப்போதைய வீட்டு முகவரியைத் தங்களுக்கு அனுப்பும் பிரதியில் தனியாக எழுதியிருக்கிறேன். காலை பத்து மணிக்குத் தபால் வரும். நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
ரெங்கம், ஜொகூர்